ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை: ஃபயர்வாலில் கைவைக்கும்போது செய்யும் தவறுகள்

மற்ற தளமெல்லாம் திறக்கிறது, ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. உடனே பலரும் ஃபயர்வாலை (இணையப் போக்குவரத்தை விதிப்படி அனுமதிக்கும், தடுக்கும் காவல் அமைப்பு) மொத்தமாக அணைத்துப் பார்ப்பார்கள். தளம் திறந்துவிட்டால் 'அப்பாடா' என்று வேலையில் மூழ்கிவிடுவார்கள். திரும்ப ஆன் செய்ய மறந்துபோகும். நானே ஒருமுறை மூன்று நாள் கழித்துத்தான் கவனித்தேன். சோதனைக்கு ஒரு நிமிடம் அணைக்கலாம், தப்பில்லை. அணைத்தும் திறக்கவில்லையா? சரி, அந்த ஃபயர்வால் காரணமில்லை; அதைத் திரும்ப ஆன் செய்துவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள்.

பிழைச் செய்தியைப் படிக்காமலே மூடுவது அடுத்த தவறு. சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் டிஎன்எஸ் கோளாறு; தளப் பெயரை ஐபி என்ற எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை அது. வெகுநேரம் சுற்றி, பதில் வராமல் டைம்அவுட் ஆனால் ஃபயர்வாலைச் சந்தேகிக்கலாம். பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, சத்தமில்லாமல் விழுங்குவது அதன் வழக்கம். 403 (அனுமதி இல்லை) என்ற பிழை எண் வந்தால் கோரிக்கை போய்ச் சேர்ந்து பதிலும் வந்துவிட்டது; பெரும்பாலும் அந்தத் தளமே உங்களை வேண்டாம் என்கிறது.

அப்புறம், தளம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பலர் நம்பும் இந்த பிங் கட்டளை. பிங் போவது ஐசிஎம்பி என்ற தனி நெறிமுறையில், பக்கம் வருவது 443ஆம் போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட வாசல்). பிங்குக்கு வாயே திறக்காமல் நன்றாக ஓடும் தளங்கள் ஏராளம். விண்டோஸ் என்றால் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளைக்குத் தளத்தின் பெயரையும் போர்ட் 443ஐயும் கொடுங்கள். கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் போர்ட் திறந்திருக்கிறது. அப்படியும் தளம் திறக்கவில்லை என்றால், தளப் பெயரைப் பார்த்து வடிகட்டும் ஆன்டிவைரஸையோ பிரவுசர் எக்ஸ்டென்ஷனையோ கவனியுங்கள்.

நான் அதிகம் பார்த்த தவறு, ஐபி முகவரிக்கு அனுமதி விதி எழுதுவது. இன்று வேலை செய்யும், அடுத்த வாரம் நின்றுபோகும். பெரிய தளங்கள் சிடிஎன் (பல ஊர்களில் நகல் வைத்துப் பரிமாறும் சர்வர் வலை) வழியாக வருகின்றன. ஒரே பெயருக்குப் பல ஐபிகள், அவையும் மாறிக்கொண்டே இருக்கும். அதே ஐபியில் சம்பந்தமில்லாத தளங்களும் குடியிருக்கும். ஒன்றுக்குத் திறந்தால் எல்லாவற்றுக்கும் திறந்த மாதிரிதான். பழைய வகை முகவரியான ஐபிவி4க்கு எழுதிவிட்டு, புதிய வகையான ஐபிவி6ஐ மறப்பவர்களும் உண்டு. உங்கள் ஃபயர்வால் இடம் கொடுத்தால் பெயரை வைத்தே எழுதுங்கள். அப்படியும் பக்கம் படமில்லாமல், வெறும் எழுத்தாக வந்தால் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். அங்கே சிவப்பாக நிற்பது பெரும்பாலும் வேறொரு டொமைனாக (தளப் பெயர்) இருக்கும்; அதையும் அனுமதிக்க வேண்டும்.

விதிகளின் வரிசையையும் பார்க்கவேண்டும். லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் மேலே ஒரு தடை விதி பொருந்திவிட்டால் கீழே எழுதிய அனுமதி இருந்தும் பயனில்லை. விண்டோஸ் ஃபயர்வாலில் வரிசையே கிடையாது, பொதுவாகத் தடை அனுமதியை முந்திவிடும்.

இத்தனையும் செய்பவர்கள் ஃபயர்வாலின் லாகை (பதிவுக் கோப்பு) மட்டும் திறப்பதில்லை. விண்டோஸில் தடுத்த பாக்கெட்டுகளைப் பதிவது இயல்பாக அணைந்தே இருக்கும். அதை ஆன் செய்துவிட்டுத் தளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். தடுத்தது விண்டோஸ் ஃபயர்வால்தான் என்றால், ஐபி, போர்ட்டோடு டிராப் என்று ஒரு வரி விழுந்திருக்கும். வரியே இல்லையென்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் (தளப் பெயருக்கு ஐபியைக் கணினியிலேயே எழுதிவைக்கும் கோப்பு) ரவுட்டரின் பேரண்டல் கண்ட்ரோலையும் (குழந்தைகளுக்காகத் தளங்களைத் தடுக்கும் வசதி) போய்ப் பாருங்கள்.