விண்டோஸ் இருக்கும் கணினியில் லினக்ஸ்: பழைய பூட்லோடர் கெடாமல் நிறுவும் முறை

புதிதாக வரும் இயங்குதளம் தன் பூட்லோடரை (கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை எழுப்பும் நிரல்) ஏற்கெனவே இருப்பதன் பக்கத்தில் வைக்க வேண்டும். யூஇஎஃப்ஐ (பழைய பயோஸின் இடத்தில் வந்த, கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) உள்ள கணினிகளில் அதற்கென்றே ஓர் இடம் உண்டு: ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் இருக்கும் ஈஎஸ்பி என்ற சிறிய பார்ட்டிஷன், அதாவது வட்டின் ஒரு பகுதி. அதற்குள் ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டர். அதில் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், லினக்ஸ் வகைகளான உபுண்டுவுக்கு ஒன்று, டெபியனுக்கு ஒன்று என்று எத்தனை பேரும் குடியிருக்கலாம். யாரை முதலில் எழுப்புவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. இவ்வளவு வசதி இருந்தும் நிறுவிய பிறகு விண்டோஸைக் காணோம் என்று பலர் தவிப்பதற்குப் பெரும்பாலும் காரணம், இன்ஸ்டாலர் கேட்காமல் விட்ட கேள்விகள்தான். அவற்றை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி, விண்டோஸ் எந்த முறையில் பூட் ஆகிறது என்பது. விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் 'பயோஸ் மோட்' என்ற வரி யூஇஎஃப்ஐ என்றோ லெகசி (பழைய பயோஸ் முறை) என்றோ சொல்லும். லினக்ஸ் பென்டிரைவையும் அதே முறையில்தான் பூட் செய்ய வேண்டும். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், விண்டோஸ் யூஇஎஃப்ஐயில் இருக்கும்போது யூஇஎஃப்ஐ என்று முன்னொட்டு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இங்கே தவறினால், லெகசி முறையில் உட்கார்ந்த கிரப்பால் (லினக்ஸின் வழக்கமான பூட்லோடர்) யூஇஎஃப்ஐ விண்டோஸை எழுப்பவே முடியாது. ஒரு தடயம்: ஜிபிடி (யூஇஎஃப்ஐ கணினிகளில் வழக்கமான பார்ட்டிஷன் அட்டவணை) உள்ள வட்டில் நிறுவும்போது '1 எம்பி பயோஸ் பூட் பார்ட்டிஷன் வேண்டும்' என்று இன்ஸ்டாலர் கேட்டால், பென்டிரைவ் தவறான முறையில் பூட் ஆகியிருக்கிறது. அங்கேயே நிறுத்தி, மறுபடி தொடங்குங்கள்.

அடுத்து, விண்டோஸுக்குள்ளேயே முடிக்க வேண்டிய வேலைகள். விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதியோ வேறு கருவியில் சேமித்தோ வையுங்கள். பூட் வரிசை மாறியதும் டிபிஎம் (கணினியின் பாதுகாப்புச் சில்லு) சந்தேகப்பட்டு அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கட்டளை வழியாக நிறுத்தும்போது எண்ணிக்கை எதுவும் கொடுக்காவிட்டால் ஒரு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு அது தானாகவே திரும்பிவிடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்கி எடுப்பது நல்லது.

இப்போது காப்பு. பென்டிரைவிலிருந்து, நிறுவாமலே இயங்கும் லைவ் லினக்ஸைத் திறந்து, ஈஎஸ்பி முழுவதையும் இன்னொரு பென்டிரைவில் நகலெடுங்கள். பூட் பதிவுகளைக் காட்டும் ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையை விரிவான வெளியீட்டோடு ஓட்டி, அது காட்டுவதையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். ஐந்து நிமிட வேலை. பின்னால் எது போனாலும் எங்கே என்ன இருந்தது என்று சொல்ல இந்த இரண்டும் போதும்.

நிறுவும்போது பார்ட்டிஷன் திரையில் கையால் பிரிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். ஈஎஸ்பியைக் கண்டுபிடிப்பது எளிது: ஃபேட்32, பெரும்பாலும் 100 முதல் 260 எம்பி. அதை ஈஎஸ்பியாகவே பயன்படுத்தச் சொல்லுங்கள்; ஃபார்மேட் பெட்டியில் டிக் இருக்கவே கூடாது. அந்த ஒரு டிக் போதும், விண்டோஸின் பூட்லோடர் அடியோடு போய்விடும். 100 எம்பி போதுமா என்று கவலை வேண்டாம். ஷிம்மும் (கிரப்புக்கு முன் ஓடி அதை எழுப்பும் சிறு நிரல்) கிரப்பும் சில எம்பிகள்தான். ஆனால் கிரப்புக்குப் பதில் சிஸ்டம்டி-பூட் என்ற பூட்லோடரைப் போட்டு, லினக்ஸின் மையமான கெர்னல்களையும் ஈஎஸ்பிக்குள்ளேயே வைப்பதானால் அந்த இடம் சீக்கிரம் நிறைந்துவிடும்.

இரண்டு வட்டுகள் உள்ளவர்களுக்கு ஒரு தனிப் பொறி. உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலரில் 'பூட்லோடரை நிறுவும் சாதனம்' என்று இரண்டாம் வட்டைக் காட்டினாலும், யூஇஎஃப்ஐ முறையில் அது முதல் வட்டின் ஈஎஸ்பியிலேயே எழுதிவிடும். பயனரிடம் கேட்டுவிட்டுப் பதிலை மதிக்காத இன்ஸ்டாலரைவிடக் கேட்காத இன்ஸ்டாலரே மேல். தப்பிக்க, நிறுவி முடியும்வரை விண்டோஸ் வட்டின் கேபிளைக் கழற்றுங்கள். மடிக்கணினியில் அது முடியாதென்றால் ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவியில் விண்டோஸ் ஈஎஸ்பியின் பூட், ஈஎஸ்பி கொடிகளை (ஃபிளாக்) எடுத்துவிட்டு, நிறுவிய பின் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

டெபியன் இன்ஸ்டாலர், பென்டிரைவ் போன்ற நீக்கக்கூடிய ஊடகத்துக்கான பாதையிலும் கிரப்பை வைக்கட்டுமா என்று கேட்கலாம். வேண்டாம் என்பதே வழக்கமான பதில். அந்தப் பாதை பொதுச்சொத்து; விண்டோஸும் அங்கே தன் நகலை வைத்திருக்கும். வேறு எந்தப் பாதையையும் மதிக்காத மதர்போர்டாக இருந்தால் மட்டும் சரி என்று சொல்லுங்கள்.

நிறுவி முடித்ததும் கிரப் மெனுவில் விண்டோஸ் இல்லையா? பதற வேண்டாம். 2021இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் 'டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர்' வரிக்கு ஃபால்ஸ் என்று மதிப்புக் கொடுத்து, கிரப்பைப் புதுப்பித்தால் விண்டோஸ் வந்துவிடும். பிட்லாக்கர் உள்ள கணினியில் கிரப் வழியாக விண்டோஸுக்குப் போகாமல் மதர்போர்டின் பூட் மெனுவிலிருந்தே போவது உத்தமம். சாவி கேட்கும் தொல்லை குறையும்.

விண்டோஸை மறுபடி நிறுவினாலோ, சில சமயம் பெரிய அப்டேட் வந்தாலோ, அது தன்னை வரிசையில் முதலில் வைத்துக்கொள்ளும். உடனே கிரப்பைத் திரும்ப நிறுவக் கிளம்பாதீர்கள். கோப்புகள் பெரும்பாலும் ஈஎஸ்பியில் அப்படியே இருக்கும். வரிசையை மாற்றினால் போதும். பூட் பதிவே அழிந்திருந்தால் லைவ் லினக்ஸிலிருந்து புதுப் பதிவு உருவாக்கலாம். கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் அந்தப் பதிவு கிரப்பை அல்ல, ஷிம்மைக் காட்ட வேண்டும். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்த பல கணினிகளில் லினக்ஸ் எழாமல் 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று நின்றது வேறு கதை. பழைய ஷிம் தடைப்பட்டியலில் சேர்ந்ததே அதற்குக் காரணம்; வரிசையை மாற்றிப் பயனில்லை, ஷிம்மைப் புதுப்பிக்க வேண்டும்.

லெகசி கணினிகளைப் பற்றிச் சுருக்கமாக. வட்டின் முதல் 512 பைட்டில் 446 பூட் நிரல், 64 பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 அடையாளம். இருவர் உட்கார இடமில்லை; விண்டோஸ் கேட்காமலேயே மேலே எழுதிவிடும் என்பதால் விண்டோஸை முதலில், லினக்ஸைப் பிறகு நிறுவுங்கள். அந்த 512 பைட்டுக்கு எடுத்துவைத்த காப்பிலிருந்து மீட்கும்போது 446 பைட்டை மட்டும் எழுதுங்கள். 512ஐயும் எழுதினால், இடையில் மாற்றிய பார்ட்டிஷன்கள் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும்.

லினக்ஸை நீக்குபவர்கள் முதலில் பார்ட்டிஷனை அழித்துவிட்டுக் கிரப்பின் கறுப்புத் திரையில் மாட்டிக்கொள்கிறார்கள். வரிசையில் விண்டோஸை முதலாக்கி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பிறகு லினக்ஸின் பூட் பதிவு, அடுத்து ஈஎஸ்பியில் அதன் ஃபோல்டர், கடைசியாகத்தான் பார்ட்டிஷன்.