பிளியேயில் தொடங்குங்கள்

பாலே நடன வகுப்பில் முதல் நாள் ஆசிரியை சொன்ன ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. எல்லாம் பிரெஞ்சு. 14-ஆம் லூயி மன்னர் 1661-இல் பாரிஸில் நடனக் கழகம் தொடங்கிய காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. எந்த நாட்டு வகுப்புக்குப் போனாலும் இதே சொற்கள்தான். பொருள் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும்: பிளியே என்றால் மடித்தது, டாண்டூ நீட்டியது, ரெலவே உயர்த்தியது.

கால்களுக்கு ஐந்து அடிப்படை நிலைகள் உண்டு. முதல் இரண்டு போதும் இப்போதைக்கு. முதல் நிலையில் குதிகால்கள் ஒட்டியிருக்கும், விரல்கள் வெளிப்பக்கம் பார்க்கும். இரண்டாவதும் அப்படியே, ஆனால் குதிகால்களுக்கு நடுவே ஓரடி இடைவெளி. இந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். தொடை திரும்பினால் பாதம் தானாகக் கூடவே வரும். நான் பாதங்களை ஒரே கோட்டில் வைத்தே தீருவேன் என்று முறுக்கி நின்றேன். இரண்டே வாரத்தில் முழங்காலின் உட்பக்கம் வலி பிடித்துக்கொண்டது. உங்கள் இடுப்பு எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு போதும்.

சரி, இப்போது பிளியே. ஒரு கையை ‘பார்’ எனப்படும் பிடிகம்பியில் லேசாக வையுங்கள். முதுகை நேராக வைத்துக்கொண்டு மெதுவாக முழங்காலை மடக்குங்கள். குனிந்து பாருங்கள்: முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேர்மேலே போகிறதா? உள்பக்கம் சாய்ந்தால் திருப்பத்தைக் குறையுங்கள். குதிகால் தரையை விடாமல் எவ்வளவு இறங்க முடிகிறதோ அதுதான் டெமி பிளியே. முழுக்க இறங்கும் கிராண்ட் பிளியேவுக்கு அவசரமே வேண்டாம்.

டாண்டூவில் பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டே முன்னால் போகும். முதலில் குதிகால் எழும், பிறகு உள்ளங்காலின் முன்பகுதி, கடைசியில் விரல் நுனி மட்டும் தரையில் மிஞ்சும். திரும்பும்போது அதே வரிசை தலைகீழாக. ரெலவேயில் குதிகால்களைத் தூக்கி முன்பாதத்தில் நிற்க வேண்டும். எடை சுண்டுவிரல் பக்கம் சரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிருவெட் சுழற்சியைக் கற்க எல்லோருக்கும் ஆசை. அதுவும் பிளியேயில்தான் தொடங்குகிறது, பிளியேயில்தான் முடிகிறது. சோத்தே என்ற குதிப்பும் அப்படியே. குதித்து இறங்கும்போது விரல், முன்பாதம், குதிகால் என்று வரிசையாகத் தரையைத் தொட்டு, உடனே முழங்கால் மடங்க வேண்டும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், தரை ‘தொப்’பென்று சத்தம் போட்டால், அப்புறம் மறுபடியும் கம்பிக்குப் போய் பத்து பிளியே.