எல்லாரும் சேர்ந்து ஆடும் கோடை முகாம்: பலன் கிடைத்ததா என்று அளப்பது எப்படி?

முகாம் முடியும் நாளில் பெற்றோரிடம் கருத்துப் படிவம் கொடுத்தால் ஏறக்குறைய எல்லாரும் ‘மிக நன்று’ என்றுதான் டிக் செய்வார்கள். பிள்ளையை மறுக்காமல் சேர்த்துக்கொண்டார்களே என்ற நன்றியே அதில் பெரும்பகுதி. முகாமை எடைபோட அது போதாது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளை மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து ஆடியதா, அல்லது அதே மைதானத்தில் தனியாக இருந்துவிட்டு வீடு திரும்பியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவும் விளையாட்டில் ‘மற்ற குழந்தைகளுக்குச் சமமாக’ என்றே பேசுகிறது. ஆகவே மற்ற குழந்தைகளோடு ஒப்பிடாத எந்த அளவீடும் அரைகுறைதான்.

கீழே உள்ள முறை 10 நாள் முகாமுக்கானது. 8 முதல் 12 வயதுவரை 30 பிள்ளைகள், அவர்களில் 6 பேர் மாற்றுத்திறன் உள்ளவர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முகாமுக்கு முந்திய வாரம்

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு இலக்கை, பெற்றோரையும் பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். அதை ஐந்து படிகளாக எழுதுங்கள். 1968இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கிரெசுக், ஷெர்மன் இருவரும் மனநலச் சேவைகளை மதிப்பிட உருவாக்கிய முறை இது. முகாமுக்கும் நன்றாகப் பொருந்தும். ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனுக்கு இப்படி வரலாம்:

−2: ஓரமாக நின்று பார்க்கிறான் (இன்றைய நிலை)
−1: பெரியவர் கூட்டிப்போனால் சில நிமிடம் ஆடுகிறான்
0: இன்னொரு பிள்ளை கூப்பிட்டால் ஒரு ஆட்டம் முழுக்க ஆடுகிறான்
+1: கூப்பிடாமலே வந்து சேர்கிறான்
+2: தானே ஒரு ஆட்டத்தைத் தொடங்கி மற்றவர்களைக் கூப்பிடுகிறான்

இதில் அடிக்கடி நடக்கும் பிழை, ‘கண்ணைப் பார்த்துப் பேசுவான்’, ‘அடம்பிடிக்க மாட்டான்’ என்று இலக்கு வைப்பது. அப்படி வைத்தால் மதிப்பெண் பிள்ளைக்குப் போகிறது. நாம் மதிப்பிட வந்தது முகாமை. இலக்கு பங்கேற்பைப் பற்றியதாகவே இருக்கட்டும்.

பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் இந்த வாரத்திலேயே வேண்டும். குறிப்புத் தாள்களில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள்.

சுதந்திர நேரத்தைக் கவனியுங்கள்

அண்ணாவோ அக்காவோ முன்னால் நின்று நடத்தும் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து இருப்பதுபோலத்தான் தெரியும். உண்மை தெரிவது சிற்றுண்டிக்குப் பிறகு அவரவர் இஷ்டத்துக்கு ஆடும் நேரத்தில். தினமும் 40 நிமிடம் அப்படி விடுங்கள்.

ஒருவர் மாற்றுத்திறன் உள்ள ஒரு பிள்ளையை 20 நிமிடம் கவனிக்க வேண்டும். 30 நொடிக்கு ஒருமுறை போன் சட்டைப்பையில் அதிரும்படி வைத்து, அந்தக் கணத்தில் கண்ட நிலையை ஓர் எழுத்தால் குறிக்க வேண்டும்: சே (சேர்ந்து), ப (பக்கத்தில், ஆனால் தன்பாட்டில்), த (தனியாக), பெ (பெரியவரோடு மட்டும்). மொத்தம் 40 குறிகள். பிறகு உடனே, அதே வயதுள்ள, மாற்றுத்திறன் இல்லாத இன்னொரு பிள்ளையை இணையாக வைத்து அதேபோல் 20 நிமிடம். மூன்று பேர் இருந்தால் இரண்டு நாளில் ஆறு இணைகளும் முடியும்.

முதல் நாளை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அன்று எல்லாருக்குமே கூச்சம். அதைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2, 3ஆம் நாள்களில் ஒரு சுற்று, 8, 9ஆம் நாள்களில் இன்னொரு சுற்று. கடைசி நாள் கலைநிகழ்ச்சி என்பதால் அதுவும் வேண்டாம்.

பயிற்சியில் இரண்டு பேர் ஒரே பிள்ளையைக் குறித்து ஒப்பிடுங்கள். 40இல் 32 குறிகளாவது, அதாவது 80 சதவீதம், ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் பெரும்பாலும் ‘சே’, ‘ப’ இரண்டுக்கும் நடுவில்தான் குழப்பம் இருக்கும். இருவர் மணலில் அருகருகே உட்கார்ந்து ஆளுக்கொரு வீடு கட்டினால் அது ‘ப’. ஒருவர் வாளியை நீட்ட, மற்றவர் வாங்கினால் ‘சே’. பேச்சு கட்டாயமில்லை. சைகை, பார்வை, முறை வைத்து ஆடுவது எல்லாமே ‘சே’. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் பேசாத பிள்ளைகளின் நட்பு கணக்கில் விழாமலே போய்விடும்.

கணக்குப் போடும்போது இடைவெளியைப் பாருங்கள். உதாரணமாக முதல் சுற்றில் நம் பிள்ளைக்கு ‘சே’ 8, இணைப் பிள்ளைக்கு 22. இரண்டாம் சுற்றில் 19, 27. இருவருக்குமே எண்ணிக்கை கூடியிருக்கிறது, அது பழகியதால் தானாக வருவது. 14 ஆக இருந்த இடைவெளி 8 ஆகக் குறைந்ததே முகாமின் பங்கைக் காட்டும் குறி.

‘பெ’ குறிகளை அக்கறையோடு படியுங்கள். இரண்டாம் சுற்றிலும் அவை குறையவில்லையென்றால், துணைக்கு விட்ட தன்னார்வலர் பிள்ளையைவிட்டு நகரவே இல்லை என்று அர்த்தம். சக்கர நாற்காலியின் பின்னாலேயே ஓர் அக்கா நின்றுகொண்டிருந்தால் மற்ற பிள்ளைகள் கேள்வியைக்கூட அக்காவிடம்தான் கேட்பார்கள்: “அவனுக்குப் பந்து பிடிக்க வருமா அக்கா?” அவர் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே நிலைமை மாறும். அதற்காக முகாம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், முதல் சுற்றின் மறுநாளே சொல்லிவிடுங்கள்.

வெயிலையும் குறித்துவையுங்கள். தண்டுவடக் காயம் உள்ள பிள்ளைக்கு வியர்வை சரியாக வராமல் உடம்பு சூடேறும். அக்னி நட்சத்திர நாள்களில் அவள் உள்ளே இருந்ததை ‘ஆர்வமில்லை’ என்று எழுதிவிடக் கூடாது.

பிள்ளைகளிடம் கேட்பது

2ஆம் நாளும் 9ஆம் நாளும் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, எல்லாருடைய படங்களும் உள்ள தாளைக் காட்டி, “நாளைக்குக் குழு பிரிக்கும்போது யார் யாரோட இருக்கணும்? மூணு பேரைக் காட்டு” என்று கேளுங்கள். இருவர் ஒருவரையொருவர் காட்டினால் அதைத் தனியாக எண்ணுங்கள். யாரைப் பிடிக்காது என்று மட்டும் ஒருபோதும் கேட்காதீர்கள். பிள்ளைகள் வெளியே போய்ச் சொல்லிக்கொள்வார்கள், அது காயப்படுத்தும்.

சிரித்த முகம், அழுத முகம் போட்ட தாளை நம்ப வேண்டாம். சின்னப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் சிரித்த முகத்தையே காட்டுவார்கள். செய்த ஒவ்வொன்றின் படத்தையும் ‘மறுபடி வேணும்’, ‘தெரியல’, ‘வேணாம்’ என்ற மூன்று தட்டுகளில் போடச் சொல்லுங்கள். முகாம் நடத்தியவர் கேட்டால் பிள்ளைகள் அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் பார்ப்பார்கள், ஆகவே வேறொருவர் கேட்கட்டும்.

நடுவில் நின்றவர்கள்

யார் எந்த நாளோடு வராமல் போனார்கள் என்பதற்கு ஒரு பதிவேடு வேண்டும். சேர வந்து திரும்பிப்போனவர்களும் அதில் இருக்க வேண்டும். போன் செய்து காரணம் கேளுங்கள். வேன் இல்லை, கழிப்பறைக் கதவில் நாற்காலி நுழையவில்லை, மைக் சத்தம் தாங்கவில்லை என்பவை ஒரு நாளில் சரிசெய்யக்கூடியவையும்கூட. வாசல் படிதான் தடை என்றால், 15 செ.மீ. உயரப் படிக்கு 180 செ.மீ. நீளச் சாய்தளம் போதும். நின்றவர்களை விட்டுவிட்டு எடுக்கும் சராசரி, முகாமை இருப்பதைவிட நல்லதாகக் காட்டும்.

ஆறு பேருக்குச் சதவீதம் போடாதீர்கள். ‘6 பேரில் 4 பேர் தங்கள் இலக்கில் 0 அல்லது அதற்கு மேற்பட்ட படியை எட்டினர்’ என்றே எழுதுங்கள். எட்டாத இருவருக்கு எது தடையாக இருந்தது என்று தனித்தனியாக ஒரு பத்தி.

ஜூலையில் ஒரு போன்

பள்ளி திறந்து ஆறேழு வாரம் கழித்து, முகாமில் வேலை செய்யாத ஒருவர் எல்லா வீடுகளுக்கும் பேசட்டும், மாற்றுத்திறன் இல்லாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் சேர்த்து. “முகாம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு சார்” என்பதோடு முடிந்துவிடும். “வீட்டுல யார் பேரை அடிக்கடி சொல்றான்? அந்தப் பிள்ளையைப் பார்த்தானா, போன்ல பேசினானா?” என்று கேளுங்கள். பெயர் வந்தால் பெயரையே குறித்து, அடுத்த ஆண்டுக் குழுக்களைப் பிரிக்கும்போது அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.