ராக்காவலுக்கும் விடிகாலை வேலைக்கும் ஏற்ற கம்பளி ஸ்வெட்டர்

கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்தால் தை முடியும் வரை ஜாக்கெட், சுடிதாரோடு ஸ்வெட்டரும் என் மேஜையில் குவிந்து கிடக்கும். முழங்கையில் ஓட்டை, மணிக்கட்டில் பிரிந்த நூல், தோளில் விட்டுப்போன தையல், நெஞ்சில் தீப்பொறி பட்ட பொத்தல் என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். தைத்துத் தைத்து, எது எங்கே கிழியும் என்று கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கத்தில்தான், புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

முதலில் நெருப்பு. எங்கள் பக்கம் ராகி முற்றும் காலத்தில் யானை இறங்கும். பரணிலும் வரப்பிலும் தீ மூட்டிக்கொண்டு விடிய விடியக் காவல் இருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் கொண்டுவரும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல் ஸ்வெட்டரைப் பார்த்தால் வயிறு கலங்கும். பொறி விழுந்த இடமெல்லாம் உருகி, ஓரம் கருப்புப் பிளாஸ்டிக்காக இறுகியிருக்கும். அது உருகும்போது தோலிலும் ஒட்டிக்கொள்ளும். ஆட்டுக் கம்பளி உருகாது. பொறி பட்டால் கருகும், லேசில் தீ பிடிக்காது, பிடித்தாலும் நெருப்பை எடுத்ததும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். அதனால் தீப்பக்கம் உட்காருகிறவர் யாராக இருந்தாலும், காசு கொஞ்சம் கூடினாலும் சுத்தக் கம்பளி வாங்குங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்தது ஈரம். மார்கழிப் பனியில் புல் நனைந்திருப்பது போலவே உடுப்பும் நனையும். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை ஈரத்தை இழுத்துக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. ஈரத்தை இழுக்கும்போது லேசான சூட்டையும் விடும். அக்ரிலிக் ஈரத்தை இழுக்காது. மூட்டை தூக்கி வியர்த்தால் வியர்வை உடம்பிலேயே நிற்கும், வேலை நின்றதும் அந்த ஈரமே நடுக்கும். கம்பளி இழை நெளிநெளியாக இருப்பதால் நடுவில் காற்று சிக்கி நிற்கிறது. உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைப்பது அந்தக் காற்றுதான்.

சரி, கடையில் சுத்தக் கம்பளியை எப்படிக் கண்டுபிடிப்பது? "அக்கா, ஊல்னு சொல்லித்தான் குடுத்தாங்க" என்று என்னிடம் வருகிற ஸ்வெட்டர்களில் பாதிக்கு மேல் அக்ரிலிக்தான். வாய்ச்சொல்லை விடுங்கள், உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். நூல்கண்டு போல வளைகோடுகள் கொண்ட வுல்மார்க் என்ற கம்பளித் தரச் சின்னம் 1964 முதல் இருக்கிறது. சின்னம் மட்டும் இருந்தால் சுத்தப் புதுக் கம்பளி, 'வுல்மார்க் பிளெண்ட்' என்றிருந்தால் பாதியாவது கம்பளி இருக்க வேண்டும். போலிச் சின்னமும் உண்டு. அதனால் வாங்கியபின் உள்தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டி மணியாக நின்றால் அக்ரிலிக். இரண்டும் கலந்திருந்தால் முடி வாடையும் வரும், கெட்டியும் மிஞ்சும். கம்பளியோடு கொஞ்சம் நைலான் சேர்த்திருப்பது குறை இல்லை, அது உழைப்பைக் கூட்டும். ஆனால் தீக்காவலுக்கு அதுவும் வேண்டாம்.

மென்மையைப் பார்த்து மயங்காதீர்கள். கம்பளி இழையின் தடிமனை மைக்ரானில் சொல்வார்கள். 20 மைக்ரானுக்குக் கீழே உள்ள மெரினோ ஆட்டுக் கம்பளி பஞ்சு மாதிரி இருக்கும், கல்யாண வீட்டுக்கு அழகு. வேலிக்கும் மூட்டைக்கும் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். கொஞ்சம் முரட்டு இழைதான் வெளிவேலைக்கு நிற்கும். 30 மைக்ரானைத் தாண்டினால் உறுத்தும், உள்ளே முழுக்கைச் சட்டை போட்டால் சரியாகிவிடும். ஆடு வளர்க்கும் குரும்பர் நெய்யும் கருப்புக் கம்பளிப் போர்வையைப் போர்த்திப் பழகிய பெரியவர்கள் இந்த உறுத்தலை ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. அந்தக் கம்பளி மாதிரிக் காவலுக்கு வேறு எதுவும் இல்லை என்பார்கள், அது உண்மைதான். ஆனால் அதைப் போர்த்திக்கொண்டு கையை வீசி வேலை செய்ய முடியாது.

இப்போது ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்புங்கள். என் கணக்கில் வாங்கலாமா வேண்டாமா என்பது இங்கேதான் முடிவாகும். மலிவு ஸ்வெட்டரைப் பின்னிய துணியிலிருந்து கத்தரித்து, ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் தையல் அடித்திருப்பார்கள். ஓவர்லாக் ஓரிடத்தில் விட்டால் வெட்டிய கண்ணிகள், அதாவது பின்னல் வளையங்கள், ஒவ்வொன்றாகக் கழன்று ஓடும், அதைப் பிடிக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். நல்லதில் ஒவ்வொரு பாகத்தையும் வடிவத்துக்கே பின்னியிருப்பார்கள். அக்குள் ஓரத்தில் கண்ணிகள் சாய்வாகக் குறைந்து வந்திருப்பது கண்ணுக்குத் தெரியும், இணைப்பும் கண்ணிக்குக் கண்ணி கோத்து மெல்லியதாக இருக்கும். தோள் தையலின் மேல் ஒரு நாடா ஓடுகிறதா பாருங்கள். அது இல்லாத கனமான ஸ்வெட்டர் ஒரே குளிர்காலத்தில் தோளிலிருந்து தொங்கிவிடும்.

மணிக்கட்டில் இழுபடும் ரிப் பின்னலை நன்றாக விரித்து விடுங்கள். உடனே சுருங்கி பழைய அளவுக்கு வர வேண்டும். ஸ்வெட்டரின் உடல் பகுதியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், சல்லடை போலத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். நூல் முனையை எதிர்ப்பக்கம் முறுக்கினால் இரண்டு மூன்று புரியாகப் பிரிய வேண்டும், ஒற்றைப் புரி சீக்கிரம் அறும். கைப்பகுதியை ஒன்றோடொன்று கொஞ்ச நேரம் தேய்த்துப் பாருங்கள். அதற்குள்ளேயே பிசிறு எழும்பினால் குட்டை இழை, மாசத்துக்குள் உருண்டை கட்டும். ஆண்கள் நடுத்தர அளவில் 500 கிராமுக்கு மேல் இருந்தால் வெளிவேலைக்குத் தாங்கும். 300 கிராம் என்றால் உள்ளே போடத்தான்.

ரோஜாத் தோட்டத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சடைப் பின்னல், பூ டிசைன் எல்லாம் முள்ளில் மாட்டி இழுக்கும். வழுவழுவென்று நெருக்கமான சாதாப் பின்னலே எடுங்கள். புடவை மேல் போட முன்பக்கம் திறந்தது வசதிதான், ஆனால் பட்டன் இடைவெளியில் காற்று நுழையும். அதனால் பட்டன் நெருக்கமாக வைத்ததாகப் பாருங்கள்.

அளவு பார்க்கும்போது இரண்டு கையையும் தூக்குங்கள், இடுப்பு தெரியக்கூடாது. வண்டி ஓட்டுகிற மாதிரி கையை நீட்டுங்கள், மணிக்கட்டு எலும்பு மூடியிருக்க வேண்டும். ராயக்கோட்டை மண்டிக்கு இருட்டிலேயே தக்காளி கொண்டுபோகிறவர்களுக்கு எவ்வளவு நல்ல ஸ்வெட்டரும் தனியாகப் போதாது. வண்டி வேகத்தில் காற்று பின்னலுக்குள் புகுந்து சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். மேலே ஒரு மெல்லிய விண்ட்சீட்டர் போட்டால் பலன் பல மடங்கு. குளிர் கூடின தளி, பெட்டமுகிலாளம் பக்கம் கனமானது வேண்டும். தருமபுரி டவுனில் இருப்பவர்களுக்கு மெல்லியதே போதும், வத்தல்மலைக்காரர்கள் மட்டும் எங்களைப் போல வாங்கலாம்.

சுத்தக் கம்பளி அக்ரிலிக்கைப் போலப் பல மடங்கு விலை சொல்வார்கள். கையில் பணம் இல்லையென்றால் புது அக்ரிலிக்கைவிட, யாரோ போட்ட நல்ல பழைய கம்பளி மேல். முழங்கையில் தோல் அல்லது கெட்டித் துணி ஒட்டு வைத்துக்கொள்ளலாம்.

துவைப்பதில்தான் நிறைய கம்பளி வீணாகிறது. கம்பளி இழையில் நுண்ணிய செதில்கள் உண்டு. சூட்டிலும் கசக்கலிலும் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, அப்பாவின் ஸ்வெட்டர் பிள்ளைக்கு ஆகும் அளவுக்குச் சுருங்கிவிடும். குளிர்ந்த நீரில் ஷாம்பு கலந்து, அமுக்கிக் கொஞ்ச நேரம் ஊறவைத்து அலசுங்கள். பிழியாதீர்கள். துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் பாயின் மேல் பரப்பிக் காயவிடுங்கள். கொடியில் போட்டால் நீளும். அடிக்கடி துவைக்கவும் வேண்டாம், காற்றாட விட்டாலே வாடை போகும்.

மாசி பங்குனியில் எடுத்துவைக்கும் முன் கட்டாயம் துவைத்துவிடுங்கள். அந்துப்பூச்சியின் புழு வியர்வை பட்ட, சோறு சிந்திய இடங்களைத்தான் முதலில் தேடும். நன்றாகக் காய்ந்ததை மடித்து, மூடிய டப்பாவில் நாப்தலின் உருண்டையைத் துணியில் முடிந்து போட்டு வையுங்கள். வாங்கும்போது உபரியாக நூல்கண்டு கொடுத்தால் அதையும் அதே டப்பாவில் போடுங்கள். ஒரு கண்ணி விட்ட அன்றைக்கே கொண்டுவந்தால் அந்த நூலிலேயே தைத்துவிடலாம், பத்து கண்ணி ஓடிய பிறகு ஒட்டுதான் போட முடியும்.