பழைய சாமான் வாங்கி விக்கிறீங்களா? இந்தத் தப்பையெல்லாம் பண்ணாதீங்க

முதல்லயே சொல்லிடறேன், பழைய சாமான வாங்கி லாபம் வச்சு விக்கிறது தப்பே இல்ல. மன்னார்குடி பக்கம் ஏதோ ஒரு வீட்டுப் பரண்ல கருத்துப்போய் கெடக்குற வெங்கலப் பானைய எறக்கி, ஒடுக்கு எடுத்து, புளி போட்டுத் தேய்ச்சு, அது வேணும்னு தேடுறவங்க கைல சேக்குறது உழைப்புதான், அதுக்குக் கூலி வேணும்தான். ஆனா அந்தக் காசு நம்ம உழைப்புலேருந்து வருதா, இல்ல எதிர்ல நிக்கிறவங்களோட அவசரத்துலேருந்தும் தெரியாமையிலேருந்தும் வருதான்னு பாத்துக்கணும்.

அதிகமா நடக்குற தப்பு, துக்க வீட்டுல போய் வெல பேசுறது. பாட்டி போயி காரியம் முடிஞ்சிருக்கும், புள்ளைங்க சென்னைக்கோ துபாய்க்கோ கெளம்புற அவசரத்துல இருப்பாங்க, வீட்டக் காலி பண்ணணும். அந்த நேரம் பாத்துப் போயி, நெல்லு கொட்டி வைக்கிற பத்தாயத்தோட தேக்குப் பலகைய வெறகு வெலைக்கும், நாச்சியார்கோயில் குத்துவிளக்க காயலான்கட எடைக்கும் கேக்குறாங்க. வெல என்னன்னு நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. "இது எடைக்குப் போற சாமான் இல்லைங்க, விளக்காவே நல்ல வெலைக்குப் போகும், ஒரு வாரம் கழிச்சு கூட முடிவு பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு அப்புறம் பேசுங்க, அதுக்கப்புறமும் நமக்கே குடுத்தாங்கன்னா மனசு உறுத்தாம வாங்கிக்கலாம்.

இதே கததான் ஜூன் மாசமும். 12ஆம் தேதி மேட்டூர் அணை தொறந்தா குறுவை நெல்லுக்கு வெதை, உரம், நடவு ஆள் கூலின்னு கையில ரொக்கம் வேணும், நகை ஏற்கனவே அடகுல இருக்கும், அடுத்து அண்டா தவலைதான் வெளிய வரும். அப்ப அடிமாட்டு வெலைக்குக் கேக்காதீங்க, ப்ளீஸ்.

இன்னொன்னு என்னால பொறுக்கவே முடியாது. நம்ம ஊர் சீர்ப் பாத்திரத்துல கழுத்தோரமா பேர் வெட்டியிருப்பாங்க இல்லையா, பொண்ணோட பேரும் கல்யாணத் தேதியும் புள்ளி புள்ளியா. அத மெஷின்ல தேய்ச்சு எடுத்துட்டு விக்கிறாங்க, அந்த எடம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளன்னு வழுக்கிட்டுப் போகும், வெரலால தடவினா லேசா பள்ளம் தெரியும். பேர் இருந்தா கேள்வி வரும்னு பயம்னா அந்தப் பாத்திரம் எப்படி வந்ததுன்னு முதல்ல யோசிக்கணும். நேர்மையா வாங்கினதுன்னா பேரோடயே வித்தா என்ன?

வாங்குறவங்க கிட்டயும் மறைக்கக்கூடாது. புது விளக்க ஆசிட்ல கருக்க வச்சு "நூறு வருஷத்து ஆன்டிக்"னு சொல்றது அப்பட்டமான மோசடி. பித்தளைப் பாத்திரத்துல ஈயப்பூச்சு போயிருந்தா, பூசாம அதுல புளிக்கொழம்பு வைக்கக்கூடாதுன்னு வாயத் தொறந்து சொல்லணும். பழைய ஈயச்சொம்புன்னா இன்னும் கவனம், ரசம் வைக்கிறது வெள்ளீயத்துல (டின்), அதுல காரீயம் (லெட்) கலந்திருந்தா விஷம். என்ன ஈயம்னு நிச்சயமா தெரியலன்னா சமையலுக்குன்னு சொல்லி விக்காதீங்க, ஒரு குடும்பமே சாப்பிடுற விஷயம். வெள்ளத்துல முங்கின ஃப்ரிட்ஜ், மோட்டாருக்கும் இதே நியாயம், முங்கினதுன்னு சொல்லி வெலையக் கொறைச்சுக்குங்க.

போர்செட் மோட்டார், காப்பர் வயர், செல்போன் எதுவும் பாதி வெலைக்கு வந்தா கேள்வி கேக்காம வாங்காதீங்க. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சு வாங்குறது குத்தம், போலீஸ் கேஸ விடுங்க, அங்க ஒருத்தர் வயல் தண்ணியில்லாம காயுது. போன்ல *#06# அடிச்சா ஐஎம்இஐ நம்பர் வரும், அத மத்திய அரசோட சஞ்சார் சாத்தி ஆப்ல போட்டா பிளாக் பண்ண போனான்னு தெரிஞ்சிடும். பைக்னா ஆர்சி பேர் மாத்தாம கைமாத்தி கைமாத்தி விடாதீங்க, நாளைக்கு ஆக்சிடென்ட் ஆனா பழைய ஓனர் தலையிலதான் விடியும்.

கடைசியா சாமி சிலை, ஓலைச்சுவடி. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலைய லைசென்ஸ் இல்லாம வியாபாரம் பண்ணக்கூடாது, தனியாருங்க வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. பரண்ல பழைய ஐம்பொன் சிலை கெடைச்சா வெல பேசாம தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்தச் சொல்லுங்க. சுவடிக்கட்டு கெடைச்சா, விக்கிறதுக்கு முன்னாடி தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்துல ஒருதடவ காட்டச் சொல்லுங்க, வைத்தியமோ சோசியமோ என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரிஞ்சவங்க அங்க இருக்காங்க.