பக்கத்துக் கொல்லை மோட்டாரும் ஹவாய் மாக்மாவும்: ரேடார் படம் பார்க்கப் பழகுவோம்

குடியாத்தம் பக்கம் கிணற்றுப் பாசனம் செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல: பக்கத்துக் கொல்லையில் மோட்டார் ஓடினால் நம் கிணற்றில் தண்ணீர் இறங்கும். இரண்டுக்கும் ஊற்றுக்கண் ஒன்று என்று தோண்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். அண்டை எரிமலைகளை ஆராய்கிறவர்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள். 2011இல் ஜப்பானின் கிரிஷிமா வெடித்தபோது, சுமார் 22 கி.மீ. தள்ளியுள்ள ஐரா எரிமலைப் பெருங்குழியில் அதுவரை உப்பிவந்த நிலம் தாழ்ந்தது. பிறகு மறுபடி உப்பத் தொடங்கியது. தரையில் பதித்த ஜிபிஎஸ் கருவிகள் அதைக் காட்டிக்கொடுத்தன. இப்படி உப்புவதையும் தாழ்வதையும் செயற்கைக்கோள் ரேடார் படங்களில் நாமே பார்க்கப் பழகுவோம்.

நம் பக்கத்தில் எரிமலை இல்லை. ஏலகிரி கூட 75 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆறி இறுகிய மாக்மாதான், அதாவது பூமிக்கடியிலிருந்த பாறைக் குழம்பு. ஆகவே பயிற்சிக்கு ஹவாய். மௌனா லோவா, கிலாவேயா எரிமலைகள் இரண்டும் ஒரே ரேடார் படத்தில் அடங்கும். உச்சிகள் பெரும்பாலும் மரமற்ற வெறும் பாறை, ரேடாருக்கு வசதி.

படி 1. நாசாவின் எர்த்டேட்டா தளத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். அலாஸ்கா செயற்கைக்கோள் மையத்தின் வெர்டெக்ஸ் தளத்தில் ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 எடுத்த படங்கள் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். மௌனா லோவா 38 ஆண்டுகளுக்குப் பின் 2022 நவம்பர் 27 இரவு வெடித்தது; எனவே நவம்பர் தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர் நடுவில் ஒன்று. தடமும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். செயற்கைக்கோள் வடக்கே போகும்போது எடுத்ததையும் தெற்கே வரும்போது எடுத்ததையும் இணைக்கப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் நான்.

படி 2. இரண்டையும் இன்சார் கணக்கீட்டுக்கு (இரு ரேடார் படங்களை ஒப்பிட்டு நில அசைவைக் காணும் முறை) அந்தத் தளத்திலேயே அனுப்புங்கள். இடப்பெயர்ச்சி வரைபடமும் வேண்டும் என்று குறிக்க மறக்காதீர்கள். வருகிற கோப்புகளைக் கியூஜிஐஎஸ் மென்பொருளில் திறக்கலாம்.

படி 3. எரிமலையைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரியும். ரேடார் அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ.; அது போய்த் திரும்புவதால் ஒரு வளையத்துக்கு 2.8 செ.மீ. அசைவு. நான்கு வளையம் என்றால் 11 செ.மீ. சொச்சம். உப்பியதா தாழ்ந்ததா என்பதை இடப்பெயர்ச்சிக் கோப்பு சொல்லும். ரேடார் சாய்வாகப் பார்ப்பதால் இது செங்குத்து உயரம் அல்ல. செயற்கைக்கோளை நோக்கிய அசைவு. ஒத்திசைவுப் படத்தில் (இரு படங்களும் எங்கே எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டுவது) கறுத்துக் கிடக்கும் இடங்களை நம்பாதீர்கள்.

படி 4. அதிகம் ஏமாறுவது இங்கேதான். கத்திரி வெயிலில் தார்ச்சாலை மேல் கானல் நெளிவதைப் பார்த்திருக்கிறோம். சாலை நெளியவில்லை, காற்று நெளிகிறது. அதேபோல் காற்றிலுள்ள நீராவி ரேடார் அலையைத் தாமதப்படுத்தும். 4,169 மீட்டர் மலையில் அந்தத் தாமதமே அசல் வளையம் போல வேடமிடும். மூன்றாவது தேதிப் படம் ஒன்றைச் சேர்த்து மூன்று ஜோடிகள் போடுங்கள். நடுத் தேதி உள்ள ஜோடிகளில் மட்டும் மலை அசைந்து, அந்தத் தேதி இல்லாத ஜோடியில் சும்மா இருந்தால், பெரும்பாலும் அது அன்றைய காற்றின் வேலை.

படி 5. ஆழம் காண, ஜப்பானியர் கியோ மோகி 1958இல் தந்த எளிய மாதிரி போதும். உப்பல் உச்சியிலிருந்து அதன் பாதி அளவுக்குக் குறையும் இடம்வரை தூரத்தை அளந்து 1.3ஆல் பெருக்குங்கள். 2.3 கி.மீ. என்றால் மாக்மா அறை 3 கி.மீ. ஆழத்தில். ஆழத்தின் வர்க்கத்தை உச்ச உயர்வால் பெருக்கி, மறுபடி 4.2ஆல் பெருக்கினால் கன அளவு மாற்றம் கிடைக்கும்: 10 செ.மீ. உப்பலுக்குச் சுமார் 38 லட்சம் கன மீட்டர். மாக்மா அறை உருண்டையாகவும் சிறியதாகவும் இருப்பதாக வைத்துக்கொண்ட கணக்கு இது. வெடிப்பின்போது மாக்மா பிளவுகளில் பாய்ந்ததால், நம் முதல் ஜோடிக்கு இது பொருந்தாது. அமைதியான மாதங்களின் ஜோடியில் போட்டுப் பாருங்கள்.

படி 6. இப்போது கிணற்றுக் கணக்கு. 12 நாளுக்கு ஒரு படமாக ஓராண்டுக்கு எடுத்து, இரு எரிமலைகளின் உயர்வையும் ஒரே தாளில் வரையுங்கள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் மோட்டார் ஓடுகிறதோ என்று சந்தேகிக்கலாம். இரண்டும் சேர்ந்து ஏறினால் அது மழை மாதிரி: மேலே இணைப்பு இல்லாமலே அடியிலிருந்து வரத்து கூடியிருக்கலாம். கோடுகள் ஒத்துப்போனதும் துள்ளாதீர்கள். இந்த இரு எரிமலைகளின் குழம்புக்கும் வேதியியல் வேறு. மாக்மா கலக்காமலே அழுத்தம் மட்டும் கடந்து போகவும் முடியும்.

கை பழகியபின் கிரிஷிமாவுக்குப் போகலாம். அங்கே காடு, சென்டினல் அலை இலைகளிலேயே சிதறிவிடும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளின் 24 செ.மீ. அலை இலைகளை ஊடுருவித் தரையைத் தொடும்.