பாட்டு முடிந்ததும் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்

இலங்கை மலையகத்தில் உங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பாட்டுத் தெரிந்த ஒரு அம்மாயியோ அப்பாயியோ இருந்தால் இந்த வாரமே போனை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். கொழுந்து பறிக்கையில் பாடியது, தொட்டில் ஆட்டுகையில் பாடியது, தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்த கதையைச் சொல்வது என்று அவர்களிடம் எவ்வளவோ இருக்கும். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் தேடி எழுதி வைத்தார். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் தான் பாடிய பாட்டுகளைப் புத்தகமாக அச்சிட்டார். அதனால் வார்த்தைகள் பிழைத்தன. ஆனால் அந்த இழுப்பும் மூச்சு வாங்குகிற இடமும் எழுத்தில் வராது, அதற்குக் குரலையே பிடித்தாக வேண்டும்.

போனில் பதிவது லேசான வேலைதான். ஆனால் நான் செய்த பிழையை நீங்கள் செய்துவிடக் கூடாது. சில வருடங்களுக்கு முன் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் ஐந்தாறு அம்மாமார் உட்கார்ந்து விடிய விடியப் பாடினார்கள், நான் நாற்பது நிமிடம் பதிந்தேன், யாருடைய பெயரையும் கேட்டு வைக்கவில்லை, எல்லாரும் தெரிந்தவர்கள்தானே என்ற நினைப்பு. இப்போது போட்டுக் கேட்டால் தாலாட்டில் ஒரு கரகரத்த குரல் மற்றவர்களுக்கு அரை மூச்சு பிந்தி வந்து சேர்கிறது. அவ்வளவு அழகு. அது யாருடைய குரல் என்று என் அம்மாவுக்கும் தெரியவில்லை. அன்று பாடியவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை.

இந்தியாவின் ஆரம்பகால இசைத்தட்டுப் பாடகி கௌஹர் ஜானைப் பற்றிப் படித்தபோதுதான் என் பிழை எனக்கு உறைத்தது. 1873இல் ஆசம்கரில் பிறந்தவர், பிறந்தபோது வைத்த பெயர் ஏஞ்சலினா. அப்பாவும் அம்மாவும் பிரிந்த பிறகு தாயோடு காசிக்குப் போய், இஸ்லாத்தைத் தழுவிப் பெயர் மாறி, அப்புறம் கல்கத்தாவில் பாட்டில் பேரெடுத்தார். தாய் மல்கா ஜானும் பாடகிதான். 1902இன் பிற்பகுதியில் கிராமபோன் கம்பனியின் பிரெட் கைஸ்பர்க் ஒலிப்பதிவுக் கருவியோடு கல்கத்தா வந்து இறங்கினார். பெரிய உஸ்தாதுகள் பலர் அந்தக் கருவிக்கு முன்னால் பாடத் தயங்கினார்கள், கௌஹர் ஜான் தயங்கவில்லை. மைக் இல்லாத காலம் அது. பெரிய ஊதுகுழல் மாதிரி ஒரு கூம்பு, அதன் வாய்க்குள் முகத்தைக் கொடுத்து உரக்கப் பாட வேண்டும், அந்த அதிர்வில் ஊசி மெழுகுத் தட்டில் கோடு கீறும். ஒரு தட்டுக்கு மூன்று நிமிடம்தான். மணிக்கணக்கில் பாடுகிற சங்கதியை அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்குகிற வித்தையை அவரே கண்டுபிடித்தார். பாட்டு முடிந்ததும் "என் பெயர் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் கணீரென்று சொல்வார். காரணம் ரொம்ப எளிது. அந்தத் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குக் கப்பலில் போய் அங்கேதான் அச்சாகும் (கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை வந்தது 1908இல்தான்), அங்கே இருக்கிற வேலையாளுக்கு இது யார் பாடியது என்று தெரிந்தால்தானே லேபிள் ஒட்ட முடியும்? கௌஹர் ஜான் 1930இல் மைசூரில் இறந்துபோனார். பெயர் இன்றும் தட்டிலேயே இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

நாளும் நேரமும் முக்கியம். தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்தப் போனும் ஒன்றும் செய்யாது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் என்றால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். பதுளைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிருங்கள். ஞாயிறு அல்லது போயா (பௌர்ணமி விடுமுறை) அன்று, காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சமையலுக்கும் நடுவில் போங்கள், பின்னேரம் என்றால் பக்கத்துக் காம்பராக்களில் (லயத்து அறைகளில்) டிவி தொடங்கிவிடும். வேலை நாளில் மலையிலிருந்து கூடையை இறக்கி வைத்த களைப்போடு இருப்பவரைப் பாடச் சொல்லவே கூடாது.

காம்பராவுக்குள் சுவர்கள் எதிரொலிக்கும். இருக்கிற கம்பளியைப் பின்சுவரில் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டாலே சத்தம் அடங்கிவிடும். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்தால் வெளிச்சம் நல்லது, ஆனால் பீலியில் (தண்ணீர்க் குழாயில்) தண்ணீர் விழுகிற சத்தமும் கோழியும் சேர்ந்து வரும். எனக்கு அது பிடிக்கும், கொஞ்சமாக வந்தால் விட்டுவிடுவேன்.

போனை ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள், பாதிப் பாட்டில் அழைப்பு வந்தால் முடிந்தது கதை. பதிவு செய்கிற ஆப்பின் செட்டிங்கில் எம்பி3யை மாற்றி, சத்தத்தைச் சுருக்காத வேவ் (WAV) என்று வையுங்கள். ஒரு நிமிடத்துக்கு மோனோவில் ஐந்து எம்பி அளவு பிடிக்கும், பிடிக்கட்டும். போனைக் கையில் பிடிக்காதீர்கள், விரல் உரசுவதெல்லாம் கேட்கும். மடித்த துணியின் மேல், மைக் ஓட்டை பாடுகிறவர் பக்கம் பார்க்க, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில், இரண்டு சாண் தூரத்தில் வையுங்கள். முதலில் ஒரு அடி பாடச் சொல்லி அளவைப் பாருங்கள், கோடு சிவப்பைத் தொட்டால் போனை இன்னும் தள்ளி வையுங்கள். வெடித்துப் பதிந்த குரலைப் பிறகு சரிசெய்யவே முடியாது.

பதிவு தொடங்கியதும் நீங்கள் திகதி, தோட்டம், டிவிசன் (தோட்டப் பிரிவு) மூன்றையும் சொல்லுங்கள். பதிவதற்கும் மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கும் சம்மதமா என்று கேட்டு, அந்தப் பதிலும் பதிவிலேயே இருக்கட்டும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். கௌஹர் ஜானுக்கு மூன்று நிமிடம்தான் கிடைத்தது, உங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. தாலாட்டு ஒரே அடியில் சுற்றிச் சுற்றி வந்தாலும் நிறுத்தாதீர்கள், நாலாவது சுற்றில்தான் தாய்மாமன் சீர் வரும், ஐந்தாவதில்தான் யாரும் எழுதி வைக்காத ஒரு பெயர் வரும். பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் "எம்பேரு எதுக்கு?" என்று வெட்கப்படுவார்கள். விடாதீர்கள். யாரிடம் கற்றார் என்பதையும் கேளுங்கள். பிறகு பாட்டின் வார்த்தைகளை மெதுவாகப் பேச்சாக ஒருமுறை சொல்லச் சொல்லிப் பதியுங்கள், எழுதும்போது அதுதான் கைகொடுக்கும்.

ஒப்பாரிக்குத் தனியாக ஒரு வார்த்தை. சாவு இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடமாட்டார்கள், வற்புறுத்துவது தப்பு. என் அப்பாயி முதலில் முடியவே முடியாது என்றார், பிறகு அவரே எழுந்து படங்கை (கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டுகிற துணியை) உதறிக் கையில் எடுத்துக்கொண்டு தேயிலை மலைக்கு ஏறுகிற பாதையில் கொஞ்ச தூரம் நடந்து, ஒரு கல்லின் மேல் அதை விரித்து உட்கார்ந்து, தன் அம்மாவுக்குப் பாடினார். காற்றுச் சத்தம் நிறைய வந்தது. அந்தப் பதிவில் ஒரு நொடியைக்கூட நான் வெட்டவில்லை.

பதிந்த அன்றே கோப்புக்குப் பெயர் போடுங்கள்: பாடியவர், பாட்டு வகை, தோட்டம், திகதி. மூலத்தில் இரைச்சல் நீக்குகிற வேலை எதுவும் செய்யாதீர்கள், வேண்டுமானால் பிரதியில் செய்யலாம். இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு வீட்டில். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

புறப்படுவதற்கு முன் ஹெட்போனை அவர் காதில் மாட்டிப் பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டே வாருங்கள். என் அப்பாயி தாலாட்டைக் கண்ணை மூடிக் கேட்டார், பாதியில் கையைத் தூக்கி, "நிப்பாட்டு, ஒரு அடிய விட்டுட்டேன், மறுபடி போடு" என்றார். நான் இப்போது எல்லோருக்கும் கொடுப்பது அந்த இரண்டாவது பதிவைத்தான். கடைசியில், யாரும் கேட்காமலே, தன் பெயரையும் தன் அம்மாவின் பெயரையும் சொல்லி முடித்திருக்கிறார்.